வாகனத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் எழுத்துகளையும் பசையையும் பெயின்றுக்குச் சேதமில்லாமல் அகற்றுவது எப்படி?

நான் வாங்கிய பாவித்த வான், முன்பு ஒரு மலர்ச்சாலைக்கு, அதாவது இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் நிலையத்துக்கு, ஓடியது. வெள்ளை உடம்பின் இரு பக்கமும் ஒரு சாண் உயரமான கறுப்பு எழுத்துகள். மலிவாகக் கிடைத்த காரணம் எனக்குத் தெரியும். மாமிக்கு வான் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கலியாண வீட்டுக்கு இதில் ஏறி வரமாட்டேன் என்று படலையிலேயே நின்றுவிட்டார். அதனால் அவசரமாகத் தொடங்கினேன். இந்த வேலைக்கு ஆகாதது அவசரம்தான்.

ஸ்டிக்கர் என்பது மெல்லிய வினைல். பல வருடம் வெயிலில் காய்ந்தால் நொறுங்கத் தொடங்கும். காலைக் குளிரில் நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். அப்பளம் மாதிரித் துண்டு துண்டாக வந்தது. பிறகு பதினொரு மணி வெயிலில் நிறுத்திவைத்தேன். யாழ்ப்பாணத்தில் அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மீதிக்கு ஹெயார் டிரையர். கை பொறுக்கும் சூடு போதும். ஓரத்தைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் கிளப்பி, நேராக வெளியே இழுக்காமல், தன் மேலேயே மடிந்து வரும்படி மெதுவாக உரிக்க வேண்டும். பெயின்றில் பிளேட் வைக்கவே கூடாது.

உண்மையான தொல்லை பசைதான். எழுத்தை உரித்து முடித்த கையோடு சுன்னாகத்துக்கு ஓடினேன். திரும்பி வரும்போது செம்மண் புழுதி பசையில் படிந்து, கறுப்பாக இருந்த 'மலர்ச்சாலை' சிவப்பில் பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் கோபத்தில்தான் பின்கதவில் தின்னர் (பெயின்ற் கரைக்கும் திரவம்) பூசினேன். அந்தக் கதவு ஏற்கெனவே ஒருமுறை மறுபூச்சுக் கண்டது. பெயின்ற் சுருங்கித் துணியோடு வந்துவிட்டது. கம்பனிப் பெயின்ற் ஓரளவு தாங்கலாம், மறுபூச்சு தாங்காது. எது எது என்று பாவித்த வாகனத்தில் கண்ணால் சொல்வது கடினம். எதைப் பூசினாலும் முதலில் கதவின் உட்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

மண்ணெண்ணெய்தான் கடைசியில் கைகொடுத்தது. வாகனம் நன்றாக ஆறிய பின், நிழலில், நனைத்த துணியைப் பசை மேல் ஐந்து நிமிடம் ஒட்டவைத்தேன். பிறகு விரலால் உருட்ட, பசை திரிதிரியாக வந்தது. இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் கிட்ட இருக்கும்போது ஹெயார் டிரையர், சிகரெட் எதுவும் வேண்டாம். சின்ன இடத்துக்குத் தேங்காய் எண்ணெய்யே போதும். முடிவில் சவர்க்கார நீரால் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். நிழல் என்றதும் நான் மாமரத்தின் கீழ் நிறுத்தினேன். காகங்கள் அதற்கும் தண்டனை தந்தன.

எழுத்தின் கீழிருந்த பெயின்றில் வெயில் படவில்லை, சுற்றியுள்ளது மங்கிவிட்டது. ஆகவே எழுத்தின் சாயல் தெரியும். ரப்பிங் கொம்பவுண்டை (பெயின்றை மெருகேற்றும் களிம்பு) கையால் தேய்த்தால் வெகுவாகக் குறையும். கதவு போன்றவற்றின் விளிம்புகளில் பெயின்ற் மெல்லியது, அங்கே அழுத்த வேண்டாம்.

பின்கண்ணாடியில் எழுத்து இருந்தால், உட்பக்கம் பனி நீக்கும் கம்பிக் கோடுகள் உள்ளனவா என்று பாருங்கள். கோடுள்ள பக்கத்தில் பிளேட் கூடாது. வெளிப்பக்கம் சவர்க்கார நீர் தடவி, பிளேட்டைச் சாய்த்துச் சுரண்டலாம்.

மாமி இப்போது ஏறுகிறார், முன் ஆசனத்தில் மட்டும். விடியற்காலைப் பனி படிந்தால் இடது பக்கத்தில் 'லை' இன்னும் தெரிகிறது; அவர் வருவதற்குள் துடைத்துவிடுவேன்.