மேரி ராட்ஜர்ஸ் நாடக இசையை விட்டுக் குழந்தைகள் கதை எழுதப் போனது சறுக்கல்தானே?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். 28 வயதில் ஓர் இசை நாடகத்துக்கு மெட்டமைத்துப் பேர் வாங்கியவர், 40 தாண்டியதும் சிறுவர் கதை எழுதுகிறவராக "இறங்கிவிட்டாரே", ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த "இறங்கிவிட்டார்"தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நீங்களும் மேடைக்கு ஏதோ எழுதுகிறவராக இருக்க வேண்டும். வீட்டில் யாரோ "கடைசியில குழந்தைப் பாட்டு எழுதவா வந்தே?" என்று கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தொனியில் யாரும் கேட்க மாட்டார்கள். தவறாக ஊகித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேரியின் கதை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மகள் கண் விழித்தால் அம்மாவின் உடம்புக்குள் இருப்பாளே, 'ஃப்ரீக்கி ஃப்ரைடே', அதை 1972-இல் நாவலாக எழுதியவர் மேரி ராட்ஜர்ஸ்தான். 1976-இல் வந்த முதல் டிஸ்னி படத்துக்குத் திரைக்கதையும் அவரே. நம்மில் பலர் பார்த்தது 2003-இல் மறுபடி எடுத்த படம். படம் பார்த்த முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. அதைப் பற்றிப் பிறகு புலம்புகிறேன்.

1931-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ரிச்சர்ட் ராட்ஜர்ஸ். 'ஒக்லஹோமா', 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்று மெட்டு மேல் மெட்டாகப் போட்டுத் தள்ளியவர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் பியானோ முன்னால் உட்கார்ந்தாலே ஊர் என்ன பேசும்? மேரியும் உட்கார்ந்தார். முதல் திருமணம் முறிந்து, மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு சம்பாதித்தாக வேண்டிய நேரம். பென்சில்வேனியா மலைப்பக்கம் ஒரு விடுமுறை விடுதியில் 1958 கோடைக்குச் சின்னதாக ஒரு நாடகம் போட்டார்கள். இருபது மெத்தைக்கு அடியில் கிடக்கிற பட்டாணி உறுத்தித் தூங்க முடியாத இளவரசி கதை. வரிகள் மார்ஷல் பேரர், மெட்டு மேரி. அதைப் பெரிதாக்கி 1959 மே மாதம் நியூயார்க்கில் 'ஒன்ஸ் அப்பான் எ மேட்ரஸ்' என்று மேடையேற்றினார்கள். கேரல் பர்னெட் என்ற நகைச்சுவை நடிகைக்கு அதுதான் பெரிய திறப்பு. நவம்பரில் நாடகம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேக்குப் போனது. அதே நவம்பரில்தான் அப்பாவின் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கும் அங்கே தொடங்கியது. ஒரே மாதம், ஒரே ஊர், அப்பாவுக்கு ஒரு கொட்டகை, மகளுக்கு ஒரு கொட்டகை. மகளின் நாடகம் 460 காட்சி ஓடியது. 1963-இல் அவர் மெட்டுப் போட்ட 'ஹாட் ஸ்பாட்' நாடகம் 43 காட்சியோடு படுத்துவிட்டது.

சரி, இந்த 43-ஐப் பிடித்துக்கொண்டுதான் "சறுக்கல்" என்கிறீர்கள் போலிருக்கிறது. ஆனால் அவர் குழந்தைகள் பக்கம் 'போனார்' என்பதே தப்பு. முதலில் இருந்ததே அங்கேதான். பிராட்வேக்கு முன்னாலேயே குழந்தைகள் இசைத்தட்டுகளுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 1957-இல் பிங் கிராஸ்பி பாடிய அலிபாபா தட்டுக்கு மெட்டு இவருடையது. அப்புறம் இசை நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் சிறுவர்களுக்காகத் தொலைக்காட்சியில் நடத்திய இசை நிகழ்ச்சிகளில் பல வருடம் பின்னால் இருந்து வேலை பார்த்தார். முதல் சிறுவர் புத்தகம் 1969. மெத்தை நாடகமே ஒரு குழந்தைக் கதைதான். இதில் ஏணி எங்கே இருக்கிறது, இறங்குவதற்கு?

மெட்டுப் போடுவதை அவர் ஒரு கட்டத்தில் நிறுத்தியது உண்மை. தனக்கு இருந்தது இனிமையான திறமை, மலைக்க வைக்கும் திறமை இல்லை என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஒரு பக்கம் அப்பா. இன்னொரு பக்கம் மகன் ஆடம் கெட்டல், 2005-இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி வாங்கிய இசையமைப்பாளர். நடுவில் இருந்துகொண்டு இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும்! எனக்கு அது இல்லை.

இத்துடன் உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது. இனி வருவது சொந்தக் கதை. பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

என் அப்பா ஹார்மோனியக்காரர். மதுரைப் பக்கம் கோயில் கொடைகளில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிகிற வரைக்கும் நடக்கிற 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' நாடகங்களுக்குக் கால்பெட்டி, அதாவது காலால் மிதித்துக் காற்றடிக்கும் ஹார்மோனியம், வாசித்தவர். ராஜபார்ட்டும் (நாயக வேஷம்) ஸ்த்ரீபார்ட்டும் (பெண் வேஷம்) தர்க்கத்தில் சூடாகி எங்கே தாவினாலும் பெட்டி கூடவே தாவ வேண்டும். நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகங்களுக்குப் பாட்டு எழுதுவேன். இதுவரை நான்கு சிறுவர் புத்தகம் வந்திருக்கிறது. மேரி ராட்ஜர்ஸோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று பின்னூட்டத்தில் கிளம்பிவிடாதீர்கள். வீட்டில் அப்பா இசைக்காரர், அவ்வளவுதான் ஒற்றுமை.

2011-இல் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு ஏரி வற்றிப்போன கதையை இசை நாடகமாக எழுதினேன். மொத்தம் ஏழு பாட்டு. ஆமைக்கு வரும் பாட்டு இப்படித் தொடங்கும்: "தத்தித் தத்திப் போகும் ஆமையார்". எழுதி முடித்ததும் எனக்கே என் முதுகைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. அப்பாவிடம் பாடிக் காட்டினேன். பெட்டியை மூடிவிட்டு, "பாப்பா, நீட்டுற எடத்துல ர்-ஐ வெச்சிருக்கியே, பிள்ளை என்ன செய்யும்? மோட்டார் மாதிரி ர்ர்ர்னு இழுக்குமா? வாயைத் தொறந்து முடி" என்றார். மைக் இல்லாத காலத்தில் ஐந்து, ஐந்தரைக் கட்டை என்று உச்ச சுருதியில் பாடிக் கடைசி வரிசைக்குக் கேட்க வைத்தவர்களோடு பழகியவர். மெய்யெழுத்தில் முடிகிற வரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

சரி என்று "ஆமையாரே" ஆக்கினேன். ஒத்திகைக்குப் போனால் வேறு பிரச்சினை. ஆமையாக நடித்த பையனுக்கு ஆறு வயது, அந்த வாரம்தான் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. "தத்தி" என்று சொன்னால் வெறும் காற்று வருகிறது. மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவன் அட்டை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டான். நிஜ ஆமை மாதிரியே. டீச்சர் பையனை மாற்றிவிடலாம் என்றார். நான் பாட்டை மாற்றுகிறேன் என்றேன். பல் இல்லாமல் சொல்லக்கூடிய எழுத்துகளாகப் பொறுக்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது:

"குடுகுடு குடுகுடு ஓடுறேனே
கூடவே வீடும் ஓடிவருமே"

கு, டு இரண்டுக்கும் முன்பல் வேண்டாம். "வீடு" மட்டும் கொஞ்சம் "ஊடு" ஆனது. ஊரில் பாதிப் பேர் ஊடு என்றுதானே சொல்கிறார்கள், பரவாயில்லை. விழா அன்று ஒரு அடி எடுத்து வைக்க நாலு தாளம் எடுத்துக்கொண்டு அவன் "குடுகுடு ஓடுறேனே" என்று பாடவும் கூட்டம் வெடித்துச் சிரித்தது. தான் வேகமாக ஓடுவதாகவே நம்புகிற ஆமை! அது நான் யோசித்து எழுதியது இல்லை, இரண்டு பல் எழுதியது. நாடகம் முடிந்ததும் அவன் வந்து, "ஏரி வத்திருச்சுல்ல, ஆமை அப்புறம் எங்கே போச்சு?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் என் முதல் கதைப் புத்தகம் வந்தது. பதிப்பாளர் பணத்துக்குப் பதிலாக 25 பிரதி கொடுத்தார்.

இப்போது சொல்லுங்கள், நான் பாட்டிலிருந்து கதைக்கு இறங்கினேனா? எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. இன்னொருவர் வாய்க்கு எழுதுகிற வேலை. கதையை அம்மாவோ அப்பாவோ தூக்கக் கலக்கத்தில் சத்தமாகப் படிக்க வேண்டும், எங்கே மூச்சு விடுவார்கள் என்று பார்த்து எழுத வேண்டும்.

அந்த விழா அழைப்பிதழில் ஒலிபெருக்கிக்காரர் பெயர் இருந்தது, பந்தல்காரர் பெயர் இருந்தது. பாட்டு எழுதியவர் பெயர் இல்லை. மேடையில் கூப்பிட்டு ஒரு பொன்னாடையும் ஹாட்பாக்ஸும் கொடுத்தார்கள். ஹாட்பாக்ஸ் நல்லதுதான், இன்னும் புழங்குகிறது.

அப்பாவிடம் சொல்லிக் குமுறியபோது, "எங்க பெட்டியவே முப்பது வருஷம் உள்ளே விடலே, நீ என்னமோ பேரைக் கேக்குற" என்றார். அகில இந்திய வானொலியைச் சொன்னார். 1940-இல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டார்கள். நம் கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுவதற்கு, சரிப்படாத வெளிநாட்டுப் பெட்டி என்று காரணம் சொன்னார்கள். 1971 வரை அது நீடித்தது. கமகம் சரியாக விழாதுதான், ஒத்துக்கொள்கிறேன். வயலின் மட்டும் என்ன திருவையாற்றில் முளைத்ததா? கிராமத்தில் விடிய விடிய நடந்த நாடகங்களை அந்தப் பெட்டிதான் சுமந்தது. அதை வாசித்தவர்களைப் பாட்டுக்காரர்களாகவே யாரும் மதிக்கவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். இதை எழுத வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக, "நாடகம் பெரியவர்கள் சமாச்சாரம், குழந்தைகளுக்கு எழுதுவது வேறு" என்று சொல்ல வருகிறவர்களுக்கு ஒன்று. நம் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை முழுக்கப் பையன்கள் கம்பெனி. பின்னாளில் பெரிய நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் ஸ்த்ரீபார்ட் பையன் வேஷம் இழப்பான். அந்த இளந்தொண்டைகளுக்கு ஏற்ற மாதிரிதான் சுவாமிகள் எழுதிக் கொடுத்தார். அவர் மறைந்தது 1922 நவம்பர் 13. ஆறு நாள் முன்னால், நவம்பர் 7 அன்று, புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் பிறந்தவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. ஜோசியம் எதுவும் சொல்ல வரவில்லை, இந்தத் தேதிகள் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். சுவாமிகள் நாடகத்துக்கு வருமுன் உப்பளத்தில் கணக்கு எழுதினார், வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். அதனால் வேலையை விடலாமா என்றும் நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், விடாதீர்கள்.

போன மாதம் எதிர்வீட்டுக்கு விருந்து வந்த சிறுமி மாடிப்படியில் உட்கார்ந்து "குடுகுடு குடுகுடு ஓடுறேனே" பாடிக்கொண்டிருந்தாள். அவள் படிப்பது திருச்சியில். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "மிஸ்" என்றாள். யார் எழுதினதாம் என்றேன். "யாரும் எழுதலை ஆன்ட்டி, அது பழைய பாட்டு" என்றாள். "வீடும்" வருகிற இடத்தில் "ஊடும்" என்றுதான் பாடினாள். அவளுக்குப் பல் எல்லாம் இருக்கிறது.