இதயத்தில் ஓட்டை: நீங்கள் கேட்டவை, எனக்குத் தெரிந்தவை

ஃபாலோட் குறைபாட்டோடு (இதயத்தில் ஓட்டையும், நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் குறுகலும் சேர்ந்தது) பிறந்து, ஐந்து வயதில் ஆபரேஷன் ஆனவள் நான். டாக்டர் இல்லை. ஆனால் பல வருடமாக எக்கோ (இதய ஸ்கேன்) அறை வாசலில் இந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா, இரண்டு மாதப் பிள்ளைக்குப் பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்க்கிறது. மாமியார் உட்சூடு என்கிறார். (மேலூர்)

உட்சூடு என்று விட்டுவிடாதே தங்கச்சி. விட்டு விட்டுக் குடிக்கிறதா, எடை ஏறவில்லையா, மூச்சு வாங்குகிறதா? பெரிய ஓட்டை இருந்தால் நுரையீரலுக்கு ரத்தம் அதிகமாகப் போய் இப்படி ஆகும். நாளைக்கே மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் காட்டி எக்கோ எடுக்கக் கேள். உதடும் நாக்கும் நீலமானால் நாளை வரை காத்திருக்காதே. முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடித்தபடி உடனே கிளம்பு. சிறு வயதில் நான் நாலு எட்டு ஓடினால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவேனாம். சோம்பேறி என்றார்கள். அப்படி உட்கார்ந்தால் நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போகும். உடம்பு தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது.

மனைவி என் அக்கா மகள். கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி என்கிறார்கள். அடுத்ததுக்கும் வருமா? (உசிலம்பட்டி)

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அண்ணே. அந்தப் பழியை அவர் மேல் விழ விடாதீர்கள். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குப் பிறவியிலேயே ஏதோ ஒரு இதயக் குறை வருகிறது. பெரும்பாலும் காரணம் தெரியாது. நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. அடுத்த முறை 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்றே எக்கோ எடுங்கள்.

காது குத்தலாமா? (திருமங்கலம்)

இதய டாக்டரைக் கேட்டுவிட்டு, சுத்தமான ஊசியில். எனக்குப் பல்லைப் பற்றித்தான் அதிகக் கவலை. சொத்தைப் பல் கிருமி ரத்தத்தில் ஏறி இதயத்தில் ஒட்டிக்கொள்ளும். பல் பிடுங்குமுன் பல் டாக்டரிடம் பிள்ளையின் இதய ஃபைலைக் காட்டுங்கள். சிலருக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டும்.

செலவு? (சோழவந்தான்)

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் விசாரியுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் டாக்டர் குழுவிடமும் சொல்லுங்கள்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஓட்டையை எப்போதோ அடைத்தாயிற்று. சொல்லத்தான் வேண்டுமா? (வாடிப்பட்டி)

சொல்லுங்கள் அம்மா. கர்ப்பத்தில் உடம்பின் ரத்தம் ஏறக்குறைய பாதி கூடிவிடும். இதயத்துக்கு அவ்வளவு வேலை. இப்போது மறைத்தால், அன்றைக்குப் பிரசவ டாக்டரிடமும் மறைக்க வேண்டி வரும். அடைத்த ஓட்டையோடு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே ஒரு எக்கோ அவசியம். என்னைப் பார்க்க வந்தவர்களில் மூன்று வீட்டார் தழும்பைப் பற்றிக் கேட்டதும் எழுந்து போனார்கள். நான்காவதாக வந்தவர், "அடுத்த செக்கப் எப்போ?" என்றார். இன்று வரை அவர்தான் கூட வருகிறார். ஆபரேஷன் குறிப்பை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மகளின் கைப்பையில் வையுங்கள்.