பை ரவுட்டர் படுத்தும் பாடு: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் சும்மா கிடக்கும் ராஸ்பெரி பையை (உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினி) வைஃபை ரவுட்டராக மாற்றியவர்களிடமிருந்து இந்த முறை நிறைய கேள்விகள். நாலு மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: பை 4-ல் ரவுட்டர் செய்தேன். ஃபைபர் பெட்டியிலிருந்து கேபிள் பைக்கு வருகிறது, வைஃபையைப் பை கொடுக்கிறது. ராத்திரி அருமையாக ஓடியது. காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து போனில் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டையும் ஏற்கிறது, ஆனால் 'இணையம் இல்லை' என்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் பண்ணட்டுமா சார்? (காரைக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம், மெமரி கார்டைத் தொடாதீர்கள். கரண்ட் போய் வந்ததும் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. வைஃபை பெயர் தெரிகிறதென்றால், வைஃபையைப் பரப்பும் நிரலான ஹோஸ்ட்ஏபிடி ஓடுகிறது. போனின் வைஃபை விவரத்தைத் திறந்து பாருங்கள், நீங்கள் வைத்த வரிசையில் ஐபி முகவரி கிடைத்திருந்தால், முகவரி கொடுக்கும் நிரலான டிஎன்எஸ்மாஸ்கும் ஓடுகிறது. அடுத்து பையிலேயே உட்கார்ந்து கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடியுங்கள். பதில் வந்தால் ஃபைபர் பக்கம் சுத்தம். மிச்சம் இருப்பது நடுவில் உள்ள வேலை மட்டும்தான், அதாவது வைஃபையில் வரும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) வாங்கி கேபிள் பக்கம் தள்ளிவிடுவது. அதற்கு ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டைக் கடத்திவிட அனுமதிக்கும் அமைப்பு) 1 என்று இருக்க வேண்டும், லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் மாஸ்கரேட் விதியும் (எல்லாப் போன்களையும் பையின் முகவரியிலேயே வெளியே அனுப்புவது) இருக்க வேண்டும். ராத்திரி இரண்டையும் டெர்மினலில் தட்டியிருப்பீர்கள், வேலை செய்திருக்கும், சந்தோஷமாகத் தூங்கப் போயிருப்பீர்கள். தட்டியதெல்லாம் நினைவகத்தில் இருந்ததுதான், கரண்டோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. ஃபார்வர்டிங்கை சிஸ்கன்ட்ரோல் (sysctl) அமைப்புக் கோப்பில் எழுதுங்கள், விதிகளுக்கு ஐபிடேபிள்ஸ் பெர்சிஸ்டென்ட் என்ற பேக்கேஜைப் போட்டு சேமியுங்கள். அப்புறம் நீங்களே ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள், அடுத்த கரண்ட் கட் வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, இது உங்களுக்கு அல்ல, முதல் நாளிலிருந்தே இணையம் வராதவர்களுக்கு: ஃபைபர் பெட்டியும் 192.168.1 வரிசை, பையும் அதே வரிசை என்று வைத்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் பை குழம்பிவிடும். பையின் பக்கத்தை 192.168.50 என்று மாற்றுங்கள்.

கேள்வி: பழைய பை 3, கூடவே யூஎஸ்பி வைஃபை டாங்கிள். பகலில் பிரச்சினை இல்லை. சாயங்காலம் பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் வீடியோ போட்டதும் வைஃபை மறைந்துவிடுகிறது, சில நாள் பையே ரீபூட் ஆகிறது. சேனல் மாற்றினேன், டிரைவர் மாற்றினேன், ஹோஸ்ட்ஏபிடி கோப்பைப் பத்து தடவையாவது மாற்றியிருப்பேன். (திருப்பூர் வாசகர்)

பதில்: எதை வைத்து கரண்ட் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. போன் சார்ஜர்தானே? நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செருகியிருந்தேன், இரண்டு ராத்திரி லாக் கோப்புகளைத் துருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் காட்டிக்கொடுத்தது பலகையின் மூலையில் இருக்கும் சிவப்பு விளக்கு. சும்மா இருக்கும்போது நிலையாக எரிந்தது, ஒரு பெரிய டவுன்லோடு போட்டதும் கண் சிமிட்ட ஆரம்பித்தது. மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை 3-ல் அந்த விளக்கு அணையும். பை 3-க்கு 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வேண்டும், பை 4-க்கு 3 ஆம்பியர். சார்ஜரின் மேல் 2.5 என்று அச்சடித்திருந்தாலும் கேபிள் மெலிசாக, நீளமாக இருந்தால் வழியிலேயே அழுத்தம் குறைந்துவிடும். டாங்கிள் வேலை இல்லாதபோது கொஞ்சம்தான் குடிக்கும், நாலு போன் ஒரே நேரத்தில் இழுத்தால் அதன் பசியே வேறு. பைக்கென்றே விற்கும் அடாப்டரை வாங்குங்கள், டாங்கிளைத் தனி கரண்ட் உள்ள யூஎஸ்பி ஹப்பில் செருகுங்கள். அதுவரை ஹோஸ்ட்ஏபிடி கோப்பைத் திறக்காதீர்கள், பாவம்.

கேள்வி: பை 3 பி. 100 எம்பிபிஎஸ் பிளான், ஆனால் பக்கத்து அறையில் 8, 10 தாண்டவில்லை. தூசி படக்கூடாதென்று எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். (நாகர்கோவில் வாசகி)

பதில்: அம்மா, முதலில் டிபன் பாக்ஸை அடுக்களைக்கே திருப்பிக் கொடுங்கள். பையின் ஆன்டெனா பலகையிலேயே இருக்கிறது, உலோகப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வரத் திணறும். பிளாஸ்டிக் டப்பா போதும். வெளியே எடுத்தாலும் 100 வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாடலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், பக்கத்திலேயே உட்கார்ந்தால் 30, 40 கிடைக்கும். வேகம்தான் வேண்டுமென்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு பேண்டும் உள்ள சாதாரண ரவுட்டர் ஒன்றை வாங்கி ஆக்சஸ் பாயின்டாக (வைஃபை மட்டும் கொடுக்கும் பெட்டியாக) போட்டுவிட்டு, விளம்பரத் தடுப்பு மாதிரி வேலைகளைப் பையிடம் கொடுங்கள். கையால் செய்ததை விட்டுக்கொடுக்க மனசு வராது, தெரியும்.

கேள்வி: வீடியோவில் சொன்னபடியே செய்கிறேன், ஆனால் டிஹெச்சிபிசிடி கோப்பே என் பையில் இல்லை. (சேலம் வாசகர்)

பதில்: வீடியோ பழசு. 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து ராஸ்பெரி பை ஓஎஸ், நெட்வொர்க்கைக் கவனித்துவந்த டிஹெச்சிபிசிடியை விட்டு நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரலுக்கு மாறிவிட்டது. அதிலேயே ஹாட்ஸ்பாட் வசதி இருக்கிறது, நாலைந்து வரியில் முடிந்துவிடும். பழைய முறையையும் புதியதையும் கலந்தால் ஒரே வைஃபை சிப்புக்கு இரண்டு பேர் சண்டை போடுவார்கள், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை நாட்டுக் குறியீட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தீர்களா? அது காலியாக இருந்தால் ரேடியோ பூட்டியே கிடக்கும்.