பிள்ளை கால்ல நாத்தமா? மருந்து தேடாதீங்க, முதல்ல சாக்ஸைக் கழட்டுங்க

கேள்வி: டாக்டரம்மா, நாங்க பர்மாவுல மோல்மீன்ல இருக்கோம், பையனுக்கு 11 மாசம். மழை ஆரம்பிச்சதுல இருந்து சாக்ஸைக் கழட்டுனா கால்ல புளிச்ச நாத்தம் அடிக்குது. தினம் குளிப்பாட்டத்தான் செய்றேன். மாமியார் தேங்காயெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுறாங்க, மருந்துக்கடையில ஒரு க்ரீம் குடுத்தாங்க, சாக்ஸ் வைக்கிற பெட்டியில பாச்சை உருண்டையும் போட்டு வச்சிருக்கேன். இடது கால் சுண்டுவிரல் இடுக்குல லேசா சிவந்திருக்கு. கோயில்ல ஒரு சொந்தக்காரம்மா எல்லார் முன்னாடியும் "பிள்ளைய ஒழுங்கா கழுவுறதில்லையா"ன்னு கேட்டுட்டாங்க, அழுகையா வந்துருச்சு. என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, அந்தம்மா சொன்னத மனசுல வச்சுக்காதீங்க, உங்க மேல எந்தக் குத்தமும் இல்ல. வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுற ஊரு உங்க ஊரு, துணி 3 நாளாகியும் காயாது, அயர்ன் போடலாம்னா கரண்ட் இருக்காது. அந்த ஈர சாக்ஸ்தான் நாத்தத்துக்குப் பாதி காரணம்.

வேர்வைக்குன்னு தனியா வாடையே கிடையாது. உள்ளங்காலு மாதிரி வேர்வைச் சுரப்பி நெருக்கமா இருக்கிற இடம் உடம்புல வேற ரொம்ப இல்ல, பிள்ளைக்கும் அப்படித்தான். அந்த வேர்வை வெளிய போக வழியில்லாம நைலான் சாக்ஸுக்குள்ளயும், நடந்தா பீப்பீன்னு கத்துற அந்த ரெக்சின் ஷூவுக்குள்ளயும் ஊறிக்கிடந்தா, தோல் மேல எப்பவும் இருக்கிற பாக்டீரியா அதுல உள்ள லூசின்ங்கிற சத்தைத் தின்னு ஐசோவேலரிக் ஆசிட்னு ஒண்ண விடும், நீங்க சொன்ன புளிச்ச வாடை அதுதான். ஈரம் போச்சுன்னா வாடையும் போயிரும்.

ஆனா உங்க கேள்விய படிச்சப்ப எனக்கு நாத்தத்த விட, அதுக்காக செஞ்ச வேலைகதான் பயத்தக் குடுத்துச்சு.

கற்பூர எண்ணெய இன்னைக்கே நிறுத்துங்க. கற்பூரம் தோல் வழியா உடம்புக்குள்ள இறங்கும், காலை வாயில வச்சு சப்புற வயசு வேற, சின்னப் பிள்ளைகளுக்கு அது ஃபிட்ஸ கொண்டு வந்துரும். மாமியார்கிட்ட சண்டை போட வேணாம், பாசத்துல செய்றாங்க, "டாக்டர் 2 வயசு வரைக்கும் கற்பூரம் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க அத்தை"ன்னு பழிய எம்மேல போட்டுருங்க.

பாச்சை உருண்டை அதுக்கும் மேல. அதுல பெரும்பாலும் இருக்கிறது நாப்தலின். மலேரியா காலங்காலமா இருந்த நாடு இது, அதனால மலேரியாவத் தாங்க உதவுற ஜி-சிக்ஸ்-பி-டி குறைபாடுன்னு ஒண்ணு (சிவப்பணுவக் காக்கிற ஒரு என்சைம் பிறவியிலயே குறைவா இருக்கிறது) இங்க நெறைய பேர்கிட்ட இருக்கு, அதுவும் ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலா வரும். அந்தக் குறை உள்ள பிள்ளை நாப்தலின் வாடையில இருந்த துணியப் போட்டா ரத்தத்துல சிவப்பணு உடைஞ்சு மஞ்சள்காமாலை வரலாம், உடம்புல எண்ணெய் தடவியிருந்தா நாப்தலின் இன்னும் சுலபமா உள்ள போகும். உங்க வீட்டுல ரெண்டும் சேர்ந்திருக்கு, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். உருண்டைய வெளிய போட்டுட்டு பெட்டியில இருந்த எல்லாத் துணியையும் துவைச்சு, வாடை சுத்தமா போற வரைக்கும் காத்தாட விடுங்க. பிள்ளை வெளிறிப்போயி, கண்ணு மஞ்சளாகி, மூத்திரம் பிளேன்டீ கலர்ல போச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கடைக்காரர் குடுத்த க்ரீம்ல என்ன இருக்குன்னு ட்யூப்ல பாருங்க. மூணு மருந்து கலந்து விக்கிற க்ரீம்ல பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால்னு ஒரு ஸ்டீராய்டு இருக்கும், பிள்ளைத் தோலை அது மெல்லிசாக்கிரும், பூஞ்சை இருந்தா மேல அடங்கின மாதிரி காட்டி உள்ள பரவவிடும். பவுடரும் வேணாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போகும். கன்னத்துக்குப் போடுற தனக்கா மரப்பட்டைக் குழம்பு கன்னத்தோட இருக்கட்டும், விரல் இடுக்குல போட்டா காஞ்சு பொருக்கு கட்டி அடியில ஈரம் நிக்கும். வினிகர், டீத்தண்ணி எல்லாம் பெரியவங்க காலுக்குச் சொல்றது.

அப்ப என்னதான் செய்றது? சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சமா பேபி சோப்பு போட்டு ஒவ்வொரு விரலையும் மெதுவா பிரிச்சுக் கழுவுங்க. பாத்தீங்கன்னா சாக்ஸ் பஞ்சு, சிந்துன பாலு, ஊறிப்போன தோலு எல்லாம் அழுக்கு உருண்டையா இடுக்குல ஒட்டியிருக்கும், அதையும் எடுத்துருங்க. சோப்பு நிக்காம நல்லா அலசி, பழைய வேட்டித்துணியால தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுத்துட்டு ஒரு 10 நிமிஷம் வெறுங்காலோட பாயில விட்டுருங்க.

அந்த நேரத்துல ஒவ்வொரு விரலையும் ஒரு பார்வை பாருங்க. பிரசவம் ஆகி சில மாசத்துல அம்மாவுக்கு முடி கொட்டும்ல, அந்த முடியோ சாக்ஸுக்குள்ள இருக்கிற நூலோ விரல்ல சுத்தி இறுக்கிரும். ஒரு மழைக்காலத்துல 4 மாசப் பிள்ளை ஒண்ணு விடாம அழுவுதுன்னு தூக்கிட்டு வந்தாங்க, வயித்துவலின்னு மருந்து கேட்டாங்க, நான் சாக்ஸைக் கழட்டுனா நடுவிரல் நாவப்பழமா ஊதியிருக்கு, அடியில கண்ணுக்கே தெரியாத ஒரு முடி. லென்ஸ் வச்சுத்தான் அறுத்து எடுத்தோம். அதுல இருந்து சாக்ஸ உள்பக்கம் திருப்பி நூலைப் பார்த்துட்டுப் போடச் சொல்லி எல்லா அம்மாகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

வீட்டுக்குள்ள சாக்ஸே வேணாம். காலு வழியா குளிர் ஏறி சளி பிடிக்கும்னு பெரியவங்க சொல்லுவாங்க, சளி வைரஸ்ல வருது. நிக்கப் பழகுற பிள்ளைக்கு வெறுங்காலுதான் நல்லது, விரலை ஊணிப் பழகும். வெளிய போறப்ப பருத்தி சாக்ஸ் போடுங்க, நனைஞ்சா உடனே மாத்துங்க, கையில 2 ஜோடி வச்சுக்கங்க. ஷூவ தினம் போடாம ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, ராத்திரி உள்ள நியூஸ்பேப்பர் திணிச்சு வச்சா ஈரத்த இழுத்துக்கும். சாக்ஸ் முழுசா காயலைன்னா போடாதீங்க.

இன்னொண்ணு, இது எல்லாருக்கும் இல்ல, ரொம்ப அபூர்வம், ஆனாலும் சொல்லணும். பிறந்த குழந்தைக்குக் காலு மட்டுமில்லாம உடம்பு, மூத்திரம் எல்லாத்துலயும் இந்தக் கால்வேர்வை வாடை அடிச்சு, பால் குடிக்காம வாந்தி எடுத்து துவண்டு கிடந்தா அது ஐசோவேலரிக் அசிடீமியாங்கிற பிறவி நோயா இருக்கலாம், 1966ல கண்டுபிடிச்சாங்க. சொந்தத்துல கட்டுன குடும்பத்துல வர வாய்ப்பு கூட. ஒரு மணி நேரம்கூட காத்திருக்கக் கூடாது. அதே மாதிரி பால் குடிக்கறப்ப நெத்தி வேர்த்து, மூச்சு வாங்கி, எடையும் ஏறலைன்னா இதயத்தப் பார்க்கணும். உங்க பையன் நல்லா சாப்பிட்டு விளையாடுறான்னா இந்தப் பயம் வேணாம்.

சுண்டுவிரல் இடுக்குச் சிவப்புக்கு இப்போதைக்குக் காத்து மட்டும் போதும். 1 வாரத்துல குறையலைன்னாலோ, தோல் வெடிச்சு நீர் வடிஞ்சாலோ, உள்ளங்கால்ல பொரிப்பொரியா வந்து ராத்திரி அரிச்சு அழுதாலோ (சொறிப்பூச்சியா இருக்கலாம், அப்ப வீட்டுல எல்லாருக்கும் மருந்து போடணும்) டாக்டர்கிட்ட காட்டுங்க, காய்ச்சலும் சேர்ந்தா அன்னைக்கே. போறப்ப அந்த க்ரீம் ட்யூபையும் கையோட எடுத்துட்டுப் போங்க.