பேருந்தில் கிடைத்த, பூட்டியிருக்கும் கைப்பேசியை உரியவரிடம் எப்படிச் சேர்ப்பது?

பேருந்து இருக்கையில் கண்டெடுத்த கைப்பேசி பூட்டியிருக்கிறது, அதைத் திறக்க வழி உண்டா, காவல் நிலையத்தில் கொடுக்கப் போனால் நம்மையே சந்தேகிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். திறக்க முயலவே வேண்டாம் என்பதுதான் முதல் கேள்விக்கு என் பதில். தொலைத்தவர் இந்நேரம் பக்கத்தில் இருப்பவரின் கைப்பேசியை வாங்கித் தன் எண்ணை அழைத்துக்கொண்டுதான் இருப்பார். ஆகவே அவரைத் தேடிக் கிளம்புவதைவிட, அவருடைய அழைப்பு வந்து சேரும்படி அந்தக் கைப்பேசியை அணையவிடாமல் காப்பதே கண்டெடுத்தவர் செய்ய வேண்டிய வேலை. நான் அந்த ஒன்றில்தான் கோட்டை விட்டேன்.

ஒரு பௌர்ணமி நாளில் கிரிவலத்துக்காகக் கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு அரசுப் பேருந்தில் சென்றேன். திண்டிவனத்தில் ஏறி என் அருகில் அமர்ந்த ஓர் அம்மா செஞ்சியில் இறங்கிவிட்டார். திருவண்ணாமலையில் நான் எழுந்தபோதுதான் இருக்கைக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் இடையில் ஒரு கைப்பேசி செருகிக் கிடப்பதைக் கண்டேன். நடத்துநரிடம் நீட்டினேன். "நான் வாங்குனா டிப்போல எழுதி வெக்கணும் சார், வண்டி நாளைக்குத்தான் அங்க போவும். நீங்களே வெச்சிருங்க, போன் வரும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பயணச்சீட்டின் பின்புறம் என் எண்ணை எழுதி அவரிடம் கொடுத்தேன். தொலைத்தவர் பேருந்து நிலையத்துக்கு ஓடிவந்து விசாரித்தால் செய்தி போய்ச் சேர அந்தச் சீட்டு ஒன்றே வழி என்பதால், இதை நீங்களும் செய்துவிடுங்கள்.

பூட்டிய திரையில் இருக்கும் அவசர அழைப்புப் பொத்தானை அழுத்தினால், உரிமையாளர் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தால், உறவினர் ஒருவரின் எண்ணையாவது அங்கே காணலாம். ஐபோனில் மருத்துவ அடையாளம் என்ற பகுதியில் அது இருக்கும். நான் பார்த்தபோது ஒன்றும் இல்லை. மின்கலத்தில் ஆறு சதவீதம்தான் மீதி இருந்தது. என்னிடம் இருந்தது சி-டைப் வயர், அந்தக் கைப்பேசிக்கோ பழைய சின்ன பின். எப்படியும் அழைப்பு வரும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். 14 கிலோமீட்டர் சுற்றில் பாதி தாண்டி ஆதி அண்ணாமலை வந்து எடுத்துப் பார்த்தால், ஒலியெழுப்பாத நிலையில் இருந்த அந்தக் கைப்பேசி எப்போதோ அணைந்திருந்தது. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் தன் சார்ஜரைக் கொடுத்தார். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, அதற்கு உயிர் வந்ததும் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

அணைந்து மீண்டும் இயங்கும் கைப்பேசி, அணையாமல் இருந்த கைப்பேசியைப் போல நடந்துகொள்வதில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளிலும் ஐபோன்களிலும், மறுபடி இயங்கத் தொடங்கிய பின் உரிமையாளர் ஒருமுறை கடவுக்குறியீட்டை இடும்வரை உள்ளே இருக்கும் தரவு மறையாக்கம் நீங்காமலே, அதாவது எவரும் படிக்க முடியாதபடி பூட்டியே இருக்கும். சாதாரண அழைப்பு வரும். ஆனால் தொடர்புப் பட்டியலைப் படிக்க முடியாததால், அம்மா, தம்பி என்று பெயர் காட்ட வேண்டிய இடத்தில் வெறும் எண்தான் தெரியும். வாட்ஸ்அப் அழைப்பு ஒலிக்காது. அது மட்டுமல்ல, முதல்முறை திறக்க விரல்ரேகையும் செல்லாது.

நள்ளிரவு தாண்டி ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசிய இளைஞன், "சார், அது எங்க அம்மா போனு" என்றான். திரையில் பெயர் தெரியாததால் எனக்குத் தயக்கம் இருந்தது. கைப்பேசியின் நிறம், நிறுவனம் போன்றவற்றைக் கேட்பதில் பயனில்லை, ஊகித்தே சொல்லிவிடலாம். பின்னுறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அம்மாவே வாங்கிப் பேசினார்: "எம்பையன் சின்ன வயசு போட்டோ இருக்கும்யா, அதுக்குப் பின்னால நூறு ரூவா நோட்டு ஒண்ணு மடிச்சு வெச்சிருப்பேன்." படம் எனக்கும் தெரிந்தது. நோட்டு இருப்பதை, உறையைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் நானே அறிந்தேன். நம் மக்கள் பின்னுறையைச் சிறிய பணப்பையாகவே பயன்படுத்துவதால், இதைவிட நல்ல சோதனைக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. எதுவும் இல்லாத உறையென்றால், வாங்கிய பெட்டியில் அச்சிட்டிருக்கும், அந்தக் கருவிக்கே உரிய பதினைந்து இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொண்டுவரச் சொல்லலாம்.

மறுநாள் காலை திரும்பும் வழியில் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். கொடுப்பதற்கு முன், திறந்து காட்டுங்கள் என்றேன். அந்த அம்மா கட்டைவிரலை வைத்தார், திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், அப்போதும் திறக்கவில்லை. சுற்றி நின்ற நாலு பேர் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க, நோட்டைப் பற்றிச் சரியாகச் சொன்னவர் என்று தெரிந்திருந்தும் என் மனத்திலும் ஒரு நொடி சந்தேகம் எழுந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. எப்போதும் விரலையே வைத்துப் பழகியவருக்குக் கோலம் போட்டுத் திறக்கும் முறை மறந்தே போயிருந்தது. மகன் வாங்கி ஒரே இழுப்பில் திறந்தான். விரல் செல்லாமல் போனதற்குக் காரணம், நான் அதை அணையவிட்டதுதான். ஆகவே உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியும் ஒருமுறை அணைந்திருந்தால், விரல்ரேகை பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் பொய்யர் என்று எண்ணிவிடாதீர்கள்.

செய்யக் கூடாதவை சில உண்டு. சிம்மைக் கழற்றாதீர்கள், கழற்றினால் அழைப்பு வரும் ஒரே வழியும் அடைபடும். உங்கள் சிம்மை அதில் போடவே கூடாது. தொலைத்தவர் காவல்துறையில் புகார் அளித்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் வழியாக ஐஎம்இஐ எண்ணை முடக்கியிருந்தால், அந்தக் கருவியில் புதிதாக எந்த சிம் நுழைகிறதோ அதன் விவரம் காவல்துறைக்குப் போகும். நல்லெண்ணத்தோடு செய்தாலும் விளக்கம் சொல்லும் நிலைமை உங்களுக்கு வரும். கோலத்தையோ எண்ணையோ ஊகித்துப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். பத்து முறை தவறினால் எல்லாம் அழியும்படி ஐபோனில் அமைத்துக்கொள்ள முடியும்.

காவல் நிலையத்தைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். திருப்பித் தரும் எண்ணத்தோடு எடுத்து வைத்திருப்பது குற்றமாகாது. உரியவரை அறிய நியாயமான முயற்சி எதுவும் செய்யாமல் சொந்தமாக்கிக்கொள்வதே குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவில் இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. ஓரிரு நாள் உயிரோடு வைத்திருந்தும் அழைப்பே வரவில்லையென்றால், பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கு அஞ்சி அவர் சிம்மை முடக்கியிருப்பார் என்று பொருள். அப்போது எங்கே, எந்தத் தடப் பேருந்தில், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று எழுதி நிலையத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் கிடைத்ததாக இருந்தால் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் கொடுக்கலாம், 139 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில், காத்து வைத்ததற்கு ஆன செலவை உரியவர் தரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமைகூடக் கண்டெடுத்தவருக்கு உண்டு. தேநீர்க் கடையில் எனக்கு ஆன செலவு இரண்டு தேநீர். அந்த அம்மா அதே பேருந்து நிலையத்தில் வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) விற்பவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு மறுத்தும் ஒரு பெரிய பொட்டலத்தை என் பையில் திணித்துவிட்டார்.

மூன்றாம் நாள் புதிய எண் ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "சார், அந்த போன் சேந்துடுச்சா?" என்று கேட்டவர் அந்த நடத்துநர்.