நிருபராக வேண்டும், என்ன படிக்கலாம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து இதழியல் படிப்பைப் பற்றித்தான் நிறையக் கடிதங்கள். சேலம் பக்கத்திலிருந்து வந்தவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த மாவட்டத்தில்தான் நான் நிருபராக இருந்தேன் என்பதால் ஊர்ப் பெயரோடு பேச முடிகிறது.

ஏற்காட்டில் ஒரு மலைக்கிராமம் எங்களுடையது. நல்ல மார்க் வந்திருக்கிறது. நிருபராக ஆசை. இப்போதே இதழியலில் சேரவா, வேறு டிகிரி முடித்துவிட்டு எம்.ஏ. சேரவா?
– மாணவி, ஏற்காடு

முதல் மூன்று வருடம் வேறொரு பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு, அப்புறம் இரண்டு வருடம் இதழியல் படியுங்கள் அம்மா. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். செய்தி எழுதும் முறை, தலைப்பு, எடிட்டிங், கேமரா, ஊடகச் சட்டம் எல்லாம் இரண்டு வருடத்தில் கைக்கு வந்துவிடும். ஒரு பட்ஜெட்டைப் படித்து எங்கே பணம் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், முப்பது பக்கத் தீர்ப்பில் எந்தப் பத்தியில் விஷயம் இருக்கிறது என்று பார்ப்பதும் அப்படி அவசரத்தில் வராது. பொருளாதாரம், சட்டம், வரலாறு, புள்ளியியல் எதுவானாலும் சரி, ஒன்றில் கால் ஊன்றிக்கொள்ளுங்கள்.

அன்றைய சேலம் ஜில்லாவில், ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு வைத்தியம் பார்த்தவர். அவர்தான் ‘தமிழ்நாடு’ பத்திரிகையை நடத்தினார், 1932-ல் சென்னையில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழையும் தொடங்கினார். அந்தக் காலத்தில் பத்திரிகைக்கு என்று தனிப்படிப்பு இங்கே அரிது. இன்று வேலை கேட்டுப் போனால் படிப்பைக் கேட்பார்கள், அதனால் எம்.ஏ.வை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் அதில் சேரலாம். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மலை இறங்கி ஓமலூர் ரோட்டில் போனால் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம், அங்கேயே இதழியல் துறை இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மே மாதம் கோடை விழா என்றால் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி எல்லா கேமராவும் மலர்க் கண்காட்சிக்கு வந்துவிடும். விழா முடிந்ததும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு காபித் தோட்டத்தில் பழம் பறிப்பவர்களுக்குக் கூலி கிலோ கணக்கிலா நாள் கணக்கிலா, மழை பெய்து பழம் உதிர்ந்தால் நஷ்டம் யார் தலையில் என்று எழுத ஆள் குறைவு. 2006-ம் வருட வன உரிமைச் சட்டத்தின்படி நிலத்துக்கு மனு கொடுத்தவர்கள் மலையில் இருப்பார்கள். அந்த மனு முதலில் கிராம சபைக்கு வரும், பிறகு உட்கோட்ட அளவிலான குழு, அதற்கு மேல் மாவட்டக் குழு. மனு எந்தக் குழுவில் நிற்கிறது என்று கேட்கத் தெரிந்தவருக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். தெரியாமல் கேட்டால் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று அனுப்பிவிடுவார். நீங்கள் அந்த ஊர்ப் பெண். அந்தப் பேச்சு, அந்தப் பாதை, யார் வீட்டில் யார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சட்டமோ பொருளாதாரமோ படித்துவிட்டு வந்தால் இந்த மலையை உங்களைப் போல எழுத இன்னொருவர் கிடைப்பது கஷ்டம்.

கல்லூரியில் தியரிதான் அதிகம். கம்யூனிகேஷன் மாடல்களை மனப்பாடம் செய்கிறோம். செய்தி எழுத எப்படிப் பழகுவது?
– இதழியல் மாணவர், ஓமலூர்

தியரியை ஒதுக்காதீர்கள் தம்பி, ஆனால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தினமும் ஒரு பயிற்சி காத்திருக்கிறது. மேட்டூர் அணை. நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு, இருப்பு என்று தினமும் காலையில் கணக்கு வெளியாகிறது. பலரும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். நீங்கள் அந்தக் கணக்கைப் போட்டுச் சரிபாருங்கள்.

ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வகுத்தால், விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி. ஆகிறது. இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். வரத்து விநாடிக்கு 20,000, திறப்பு 8,500 என்று போட்டிருக்கிறார்கள் என்றால் அணையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. கூட வேண்டும். மறுநாள் இருப்பு அப்படிக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் இடையில் வரத்து குறைந்ததா, திறப்பைக் கூட்டினார்களா, அச்சில் எண் தவறிவிட்டதா என்று கேட்க உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. ‘20,000 கன அடி தண்ணீர் வந்தது’ என்று எழுதி ‘விநாடிக்கு’ என்பதை விட்டுவிட்டால் செய்தியே தப்பு. அதேபோல அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றால், 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரியும், அதனால் 60 அடியில் பாதிக்கும் வெகுவாகக் குறைவாகத்தான் இருக்கும். ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் திறக்க முடியுமா என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு வருகிறதே, அதை எழுத இந்தக் கணக்குதான் அடிப்படை.

இன்னொன்று, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டு கொளத்தூரிலிருந்தும் தலைவாசலிலிருந்தும் வருவார்கள். யாராவது வாசலில் மண்ணெண்ணெய் கேனைத் தூக்கினால் எல்லா கேமராவும் அங்கே ஓடும். நீங்கள் வரிசையில் நிற்கும் ஒரு பாட்டியிடம் போய் மனுவை வாங்கிப் படியுங்கள். முதியோர் பென்ஷன் நின்றிருக்கும், பட்டாவில் பெயர் மாறியிருக்கும். அவர் சம்மதித்தால் மனு எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் வரவில்லையா, 2005-ம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. மாணவர்தானே என்று யாரும் தடுக்க முடியாது, குடிமகனாக இருந்தால் போதும். ‘எத்தனை மனு வந்தது, என்ன நடவடிக்கை’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காமல், ‘இந்தத் தேதி, இந்த எண் மனு யாரிடம், எப்போது அனுப்பப்பட்டது, நகல் தரவும்’ என்று கேளுங்கள். நகல் கைக்கு வந்தால் உங்கள் செய்தியை யாரும் அசைக்க முடியாது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பையன் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறான். பத்திரிகை வேலையில் சம்பளம் வருமா?
– ஒரு தகப்பனார், சேலம்

ஐயா, மறைக்காமல் சொல்கிறேன். ஆரம்பத்தில் குறைவு. தாலுகா நிருபர் என்று அடையாள அட்டை கொடுப்பார்கள், மாதச் சம்பளம் இருக்காது, போட்ட செய்திக்கு ஏதோ தருவார்கள், தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தரச் சொல்வார்கள். அந்த நிலைமையில் இருப்பவரிடம் பிரஸ் மீட்டில் பணம் வைத்த கவர் நீட்டுகிறார்கள். கவர் வாங்கியவர் அந்த ஆளைப் பற்றி அப்புறம் என்ன எழுத முடியும்? இது என்னை இன்றைக்கும் கோபப்படுத்துகிற விஷயம். பையன் வேலையில் சேரும்போது நியமனக் கடிதம், பி.எஃப். இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். தராத இடத்தில் பழகுவதற்கு ஆறு மாதம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். விஸ்காமில் கேமராவும் எடிட்டிங்கும் கற்றிருப்பான், அதற்குச் செய்திக்கு வெளியேயும் வேலை உண்டு. வீட்டில் இரண்டு வருடம் தாங்க முடியும் என்றால் அவனைத் தாங்குங்கள்.

ஊர் யூடியூப் சேனலுக்கு வீடியோ எடுக்கிறேன். பாலியல் வழக்கில் சிறுமியின் பெயரைப் போடவில்லை, ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும்தான் போட்டேன். தப்பு என்கிறார்கள். சரியா?
– வாழப்பாடி வாசகர்

தப்புதான் தம்பி, அந்த வீடியோவை இன்றே எடுத்துவிடுங்கள். 2012-ம் வருட போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சேனல் உரிமையாளரும் பொறுப்பு. குழந்தையின் நலனுக்காகச் சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால் மட்டுமே விலக்கு.

சட்டத்தை விடுங்கள். நாற்பது வீடு உள்ள ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லி, ‘எட்டாம் வகுப்பு மாணவி, அப்பா மரம் ஏறுபவர்’ என்றால் யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை மறுபடி பஸ் ஏறிப் பள்ளிக்குப் போக வேண்டும். கைதானவர் அப்பாவோ மாமாவோ என்றால் அவர் பெயரைச் சொல்வதும் பிள்ளையைச் சொல்வதுதான். ‘சேலம் மாவட்டத்தில் ஒரு சிறுமி’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, போலீஸ் எப்போது வழக்குப் பதிந்தது, ஏன் தாமதம் என்பதை எழுதுங்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கிலம் தடுமாறுகிறது. இந்தத் துறைக்கு வரலாமா?
– எடப்பாடி மாணவர்

தாராளமாக வாருங்கள். பேசும் ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, படிக்கும் ஆங்கிலம் வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் தணிக்கை அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. வாரம் ஒரு தீர்ப்பை எடுத்து, அகராதியோடு உட்கார்ந்து, ஐந்து வரித் தமிழ்ச் செய்தியாக எழுதுங்கள். அதை ஒரு வக்கீலிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். தமிழில் தட்டச்சும் வேகமாக வர வேண்டும். ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் வழக்கத்தை விட்டு, தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். முதலில் சலிப்பாக இருக்கும், பழகிவிட்டால் பேட்டி எடுக்கும்போதே அடிக்கலாம்.