பூச்சாடி குடைய எந்த உளி வாங்கலாம்?

கேள்வி: சிறிய மர லேத் வைத்திருக்கிறேன். கிண்ணம் கடைந்து பழகிவிட்டது. அடுத்து வேப்பமரத்தில் 6 அங்குல ஆழம், ஒன்றரை அங்குல வாய் உள்ள பூச்சாடி செய்ய ஆசை. கையில் பிடித்துக் குடையும் உளிகளில் கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) முனை, மோதிரம் போன்ற வளைய முனை, கழுத்து வளைந்தது என்று பல வகை விற்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: முனையை அப்புறம் பார்க்கலாம். முதலில் தண்டின் கனத்தையும் பிடியின் நீளத்தையும் முடிவு செய்யுங்கள்.

கிண்ணம் கடையும்போது உளிதாங்கியை உள்ளே திருப்பி வைத்துக்கொள்ள முடிகிறது. குறுகிய வாய்ச் சாடியில் தாங்கி வாசலோடு நின்றுவிடும். உளி மட்டும் அந்தரத்தில் 6 அங்குலம் உள்ளே போக வேண்டும். அந்தத் தூரம் இரண்டு மடங்கானால், அதே விசைக்குத் தண்டு எட்டு மடங்கு வளையும். 3 அங்குலத்தில் சமர்த்தாக வெட்டிய உளி, 6 அங்குலத்தில் அதிர்ந்து கத்துவது இதனால்தான். 12 மி.மீ. தண்டுக்குப் பதில் 16 மி.மீ. எடுத்தால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். உங்கள் சாடிக்கு 16 மி.மீ. வாங்குங்கள். நான் ஆரம்பத்தில் 10 மி.மீ. தண்டோடு இதே ஆழத்துக்குப் போனேன். முனை ஒருமுறை கவ்வியதும் சாடி, அதை லேத்தில் பிடித்திருந்த சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. முகக்கவசம் போட்டிருந்ததால் தப்பித்தேன்.

பிடியின் கணக்கும் எளிது. தாங்கியிலிருந்து முனை 6 அங்குலத்திலும் பின்கை 24 அங்குலத்திலும் இருந்தால், முனையில் விழும் 4 கிலோ இழுப்பு கைக்கு 1 கிலோவாகத்தான் வரும். குட்டைப் பிடி போட்ட செட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நேர் உளி ஒன்று, லேசாக வளைந்தது ஒன்று போதும். நேர் உளி நடுவையும் அடியையும் பார்த்துக்கொள்ளும். வளைந்தது சாடியின் தோள்பட்டைக்கு, அதாவது வாயை ஒட்டி விரியும் பகுதிக்கு, கீழே எட்டும். 1970களில் அமெரிக்கக் கடைசல் கலைஞர் டேவிட் எல்ஸ்வொர்த் சின்ன வாய் வழியாக மெல்லிய சுவர்ப் பாத்திரங்களைக் குடைந்தது இத்தகைய வளைந்த உளிகளால்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தாங்கியில் படுவது எப்போதும் தண்டின் நேரான பகுதியாக இருக்கட்டும். வளைவு தாங்கியில் உட்கார்ந்தால் உளி கையில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலைப் பிடியின் நீளம் தடுக்காது.

இப்போது முனை. 5 மி.மீ. அளவுள்ள சின்ன ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட், அதாவது தண்டின் நுனியில் செருகும் வெட்டுத் துண்டு, என் தேர்வு. கொஞ்சமாக வெட்டும், கவ்வினாலும் சமாளிக்கலாம். சாணை இல்லாதவர்கள் சிறிய வட்டக் கார்பைடு வாங்கலாம். மழுங்கினால் திருப்பி வைத்தால் ஆயிற்று. வளைய முனை நல்ல வழவழப்புத் தரும், ஆனால் சீவல் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கை பழகிய பிறகு வாங்குங்கள்.

பணம் இடித்தால் நேர் உளியைச் செய்தே கொள்ளலாம். பக்கத்து லேத் பட்டறையில் 16 மி.மீ. இரும்புக் கம்பியின் நுனியில் துளை போட்டு, பிட்டைச் செருகி, அல்லன் ஸ்க்ரூவால் இறுக்கித் தரச் சொல்லுங்கள். விலை உயர்ந்த எஃகு என்பதற்காகத் தண்டு குறைவாக வளையாது. சாதா இரும்பின் விறைப்பும் ஏறக்குறைய அதேதான்.

வேலை தொடங்கும்போது, முதலில் டிரில் பிட்டால் நடுவில் ஐந்தரை அங்குலம் துளையிடுங்கள். மரத்தின் நார் லேத்தின் அச்சோடு ஓடுகிறது என்றால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் குடையுங்கள். முனை மையத்துக்கு ஒரு நூல் மேலே இருக்கட்டும். தண்டு சற்றே தாழ்ந்தாலும் முனை சுவரை விட்டு விலகும். வளைந்த உளியை உள்ளே விடும்போதும் எடுக்கும்போதும் லேத் நிற்க வேண்டும். வெட்டும் சத்தம் அமுங்கி மந்தமானால், உள்ளே சீவல் நிறைந்துவிட்டது. விரலை விடாதீர்கள், லேத்தை நிறுத்தி, சாடியைக் காற்றடித்துக் காலி செய்துவிட்டுத் தொடருங்கள்.